இல்லேன் ஐயா

இன்று காலை ராயபுரத்தில் பள்ளிக்கூடச் சுவரோரம் நடந்துகொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக "உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா" என்று பிள்ளைகளின் குரல்கள் வந்தன. உன்னை நினைத்து அங்கேயே நின்றுவிட்டேன்.

துறைமுகத்தில் மூட்டை இறக்கும் உன்னிடம், டீக்கடையில் அந்த வேடிக்கையைச் சொன்னவன் நான்தான். பெயர் கூப்பிடும்போது ஒருவன் 'இல்லேன் ஐயா' என்றால் அது உண்மையாகுமா? சொல்வதற்கே அவன் இருந்தாக வேண்டுமே. சில உண்மைகளுக்கு நிரூபணம் வேண்டாம், மறுக்கிறவனே சாட்சியாகிவிடுவான் என்றேன்.

"நா இல்லன்னு நானே கத்துனாலும், நா கீறேன்னுதான் அர்த்தமா? சோக்கா கீது வாத்யாரே!" என்று சிரித்து, நாலு தரம் 'இல்லேன் ஐயா' சொல்லிப் பார்த்தாய்.

மறுநாள் மேஸ்திரி பெயர் கூப்பிட்டபோதும் அதையே சொன்னாய். கூட்டாளிகள் சிரித்தார்கள்.

"இன்னா நைனா, நக்கலா? இல்லன்னே போட்டுக்கறேன்" என்று அவர் ஏட்டில் குறித்துக்கொண்டார்.

விளையாட்டென்று நினைத்து நீ கப்பலுக்குள் இறங்கினாய். உச்சிவேளையில் கயிறு அறுந்து மூட்டைகள் உன் வலது காலின் மேல் விழுந்தன.

ஆஸ்பத்திரியில் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். வேலையில் அடிபட்டவர்களுக்குத் துறைமுகத்தில் தரும் காவல் வேலையை உனக்குக் கேட்டு மனு எழுதியதும் நான்தான். 'கூப்பிட்டதற்குப் பதில் சொன்னவர் அங்கே இருந்தார் என்பதற்கு நிரூபணம் தேவையில்லை' என்று பெருமையாக எழுதினேன். உன்னைத் தூக்கிவந்த கூட்டாளிகளிடம் அன்றே கையெழுத்து வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. பிறகு மேஸ்திரிக்குப் பயந்து யாரும் வாய் திறக்கவில்லை.

துறைமுக ஆபீசில் இருந்தவர் மனுவைப் பொறுமையாகப் படித்தார். "நீங்க சொல்றதை மறுக்கவே முடியாது சார். ஆனா ஏட்டுல அவர் அன்னிக்கு வேலைக்கே வரலையே" என்றார்.

மறுக்க முடியாததை மறுக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. ஒப்புக்கொண்டே உன்னை ஒதுக்கிவிட்டார். இத்தனை வருஷம் பாடம் நடத்திய எனக்கு இது தெரியாமல் போயிற்று.

ஊன்றுகோலோடு டீக்கடைக்கு வந்தாய். "வுடு வாத்யாரே. உன் கணக்கு கரீட்டுதான். கால்தான் காணோம்" என்றாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த மழைக்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்று அந்தச் சுவரோரம் உன் பெயரை மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தேன். டீக்கடையில் நீ சிரித்துச் சொன்ன 'இல்லேன் ஐயா'தான் என் காதில் கேட்டது. அன்று அது பொய். இப்போது உண்மையாகிவிட்டது, சொல்வதற்குத்தான் நீ இல்லை.