சாப்பாட்டு நேரத்துப் பளு

2006 செப்டம்பர் 17, ஞாயிறு

டெட் லிஃப்ட் இருநூறு கிலோ. தரையிலிருந்து இழுத்து நிமிர்ந்து நின்றேன். கை நழுவவில்லை, முதுகு வளையவில்லை. கேம்ப் ரோட்டு ஜிம்மில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுந்தர்சிங் மட்டும் ஓடி வந்து முதுகில் ஒரு அறை விட்டான். அவன் நூற்றித் தொண்ணூறில் நிற்கிறான்.

நவம்பரில் அரசு வேலைக்கு பவர் லிஃப்டிங் டிரையல், ஸ்போர்ட்ஸ் கோட்டா. எங்கள் எடைப் பிரிவில் ஒரே இடம். ஜனவரியில் எனக்கு இருபத்தஞ்சு முடிகிறது. அதோடு வயசு தாண்டிவிடும், விண்ணப்பம்கூடப் போட முடியாது. அவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. எட்டாம் கிளாஸிலிருந்து ஒண்ணா சுத்துறோம், இப்போ ஒரு நாற்காலிக்கு ரெண்டு பேர்.

செப்டம்பர் 24, ஞாயிறு

பிறை தெரிந்துவிட்டது. நாளை முதல் நோன்பு.

சுந்தர்சிங் சொன்னான்: "மச்சான், இந்த மாசம் பாதி வெயிட்டே போதும். கைல கீற பலத்த காப்பாத்திக்கோ. பெருநாளுக்கு அப்பால மெதுவா ஏத்திக்கலாம். காலைல எந்திரிச்சதும் நாடி பாரு. ஜாஸ்தியா ஓடுச்சுன்னா அன்னிக்கு லீவு."

எங்கேயோ கோச்சிங் கேம்பில் கேட்டு வந்திருக்கிறான். தலையாட்டினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு — நான் பாதி தூக்கினால் யாருக்கு லாபம்?

செப்டம்பர் 28, வியாழன்

திருமுடிவாக்கத்தில் நான் வேலை பார்க்கும் லேத் கம்பெனியில் மத்தியானம் பெல் அடித்ததும் எல்லாரும் டிபன் பாக்ஸோடு வெளியே மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள். எனக்குத்தான் சாப்பாடு இல்லையே. ஷெட்டில் நான் மட்டும். அந்த நேரம் சும்மா போவதைப் பார்க்க வயிறு எரிந்தது. மூலையில் ஒரு பழைய ஷாஃப்ட் கிடந்தது, நல்ல நீளமான இரும்புத் தண்டு. ரெண்டு பக்கமும் கனத்த இரும்பு வளையங்களைக் கோத்தேன். எனக்கே எனக்கென்று ஒரு ஜிம், மாசக் கட்டணம் கிடையாது.

சாயங்காலம் நோன்பு திறந்த பிறகு கேம்ப் ரோட்டுக்குப் போய், பாதி வெயிட் தூக்கிவிட்டு நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தேன். மத்தியானக் கதை சுந்தர்சிங்குக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அக்டோபர் 5, வியாழன்

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இழுத்து நிமிரும்போது கண்ணில் பூச்சி பறக்கிறது. இருக்கட்டும். வெறும் வயித்துல இவ்வளவு தூக்குறவன், வயிறு நிறைஞ்ச அன்னிக்கு எவ்வளவு தூக்குவான்?

அக்டோபர் 10, செவ்வாய்

கஞ்சி இறங்கவில்லை. பள்ளிவாசல் கஞ்சியில் ரெண்டு சொம்பு குடிக்கிற ஆள் நான். அம்மா சமோசாத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டது. அந்த வாசனையே பிடிக்கவில்லை.

தூக்கமும் இல்லை. உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்குது, கண்ணு மட்டும் மூட மாட்டேங்குது. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு அம்மா எழுப்ப வரும்போது முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன். நாடி பார்க்கவில்லை. பார்த்தால் வேகமாக ஓடும், ஓடினால் லீவு போடணும். எதுக்கு வம்பு?

அக்டோபர் 14, சனி

ஜிம்மில் நூற்றி எழுபது நகரவே இல்லை. போன மாசம் வார்ம்-அப்பில் தூக்கின எடை. போன வாரத்துத் தொடை வலியும் இன்னும் போகவில்லை. "சளி பிடிச்சிருக்கு" என்று சுந்தர்சிங்கிடம் சொன்னேன். சளி நிஜமாகவே பிடித்துத்தான் இருக்கிறது, விடமாட்டேன் என்கிறது.

சோம்பேறித்தனம். வேறென்ன? திங்கட்கிழமையிலிருந்து மத்தியானம் இன்னும் ரெண்டு செட் கூட.

அக்டோபர் 17, செவ்வாய்

நோன்பு திறக்க உட்கார்ந்தோம். அம்மா சொன்னது, "சட்டை தோள்ல தொங்குது. கன்னம் ஒட்டிப் போச்சு. எல்லாரும்தான் நோன்பு வெக்கிறோம், உனக்கு மட்டும் இன்னா ஆச்சு?"

"உனக்கு இன்னா தெரியும்" என்று கத்திவிட்டேன். தட்டைத் தள்ளியதில் பேரீச்சம்பழம் தரையெல்லாம் உருண்டது.  அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. பகலெல்லாம் பட்டினி கிடந்துட்டு பெத்தவளைக் கத்துறேனே, இது என்ன நோன்பு? மன்னிச்சிடும்மான்னு சொல்ல வாய் வரல.

அக்டோபர் 19, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

டிரையலுக்கான கடிதம் சுந்தர்சிங் வீட்டுக்கு வந்துவிட்டதாம். எனக்கும் வந்ததா என்று கேட்க, மத்தியானம் நேராகக் கம்பெனிக்கே வந்துவிட்டான். நான் ஷாஃப்ட்டைப் பிடித்துக் குனிந்திருந்தேன்.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"நான் பாதி தூக்கினா உனக்கு நல்லதுதான? அதான் நீ அட்வைஸ் பண்ணே."

 அவன் மெதுவாகச் சொன்னான்: "எனக்கு இன்னும் ரெண்டு வருசம் கீது. உனக்குத்தான் இல்ல. நான் டிரையலுக்கே வரல, போதுமா? நீ இத்த நிறுத்துடா."

"பிச்சை வேணாம்" என்றேன். போய்விட்டான்.

எட்டாம் கிளாஸிலிருந்து அவன் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. இப்போது எழுதும்போதுதான் அது ஞாபகம் வருகிறது. மத்தியானம் எங்கே போயிருந்தது அந்த ஞாபகம்?

அக்டோபர் 25, புதன்

பெருநாள். பிரியாணி அரைத் தட்டுக்கு மேல் இறங்கவில்லை. வருஷா வருஷம் எங்கள் வீட்டில் முதல் பந்தி சுந்தர்சிங்தான். இந்த வருஷம் வரவில்லை. அவனுக்கென்று எடுத்து வைத்ததை அம்மா சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டது. ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்கவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

நோன்பு முடிந்துவிட்டது, இனிமேல் சாக்கு இல்லை. மத்தியானமும் சாயங்காலமும் முழு வெயிட். நூற்றி எண்பது முட்டியைத் தாண்டவில்லை. நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூடச் செய்யணும்.

நவம்பர் 9, வியாழன்

இன்று நாடி பார்த்தேன். பாயைவிட்டு எழுந்திருக்கவே இல்லை, மாடி ஏறி வந்தவனுக்கு ஓடுகிற மாதிரி ஓடுகிறது.

நவம்பர் 12, ஞாயிறு

இன்று டிரையல். ஸ்குவாட், பெஞ்ச் ரெண்டும் எப்படியோ ஒப்பேறியது. டெட் லிஃப்ட்டுக்கு முதல் முயற்சி நூற்றி எண்பத்தஞ்சு என்று எழுதிக் கொடுத்தேன். கொடுத்த எடையைக் குறைக்க முடியாது. மூன்று முயற்சி, மூன்றும் அதே எடை.

முதல் தடவை அசையவில்லை. ரெண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை குனிந்தபோது பக்கத்திலிருந்து ஒரு குரல்: "இடுப்ப எறக்கு மச்சான், இடுப்ப எறக்கு." சுந்தர்சிங். என்னோடு போட்டி போடுகிறவன். கம்பி முட்டிக்குக் கீழ் வரை வந்தது, அங்கேயே நின்றது, கீழே விட்டுவிட்டேன்.

அவன் நூற்றித் தொண்ணூத்தஞ்சு தூக்கினான். இடம் அவனுக்கு. செப்டம்பரில் நான் தூக்கியதைவிட அஞ்சு கிலோ கம்மி. ரெண்டு மாசம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால்கூட அந்த இடம் என்னுடையது. பாடுபட்டுத் தொலைச்சிருக்கேன்.

நவம்பர் 15, புதன்

டாக்டர் முதுகு, முட்டி எல்லாம் அழுத்திப் பார்த்தார். "எதுவும் பிசகல. உடம்ப ரெஸ்டே விடாம அடிச்சிருக்கீங்க. கொஞ்ச மாசம் வெயிட்ட தொடாதீங்க. சாப்பிடுங்க, தூங்குங்க."

ஏதாவது கிழிந்திருந்தால் ஒரு கட்டாவது போட்டுக்கொண்டு திரியலாம். யாராவது கேட்டால் காட்டலாம். காட்ட ஒன்றுமில்லை.

2007 ஜனவரி 8, திங்கள்

இருபத்தஞ்சு முடிந்தது. அம்மா பாயசம் வைத்தது. தட்டைத் தள்ளின அன்னிக்குச் சொல்ல வேண்டியதை இன்னிக்குச் சொன்னேன். "அத்த எப்பவோ மறந்துட்டேன்" என்றது. மறந்திருக்காது.

மார்ச் 18, ஞாயிறு

சுந்தர்சிங் வேலை ஆர்டரோடு வந்தான். முதலில் அம்மா கையில்தான் கொடுத்தான். அம்மா அவனை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டது. ரெண்டு பேரும் அக்டோபர் பேச்சை எடுக்கவில்லை. கேட் வரைக்கும் கூடப் போனபோது அடக்க முடியாமல் கேட்டேன்.

"டிரையலுக்கு நெஜமாவே வராம இருந்திருப்பியாடா?"

வண்டிச் சாவியைத் திருப்பிக்கொண்டே சொன்னான். "வந்திருக்க மாட்டேன். நீ பிச்சைன்னு சொன்னதாலதான் வந்தேன்."

செப்டம்பர் 20, வியாழன்

மறுபடி நோன்பு மாசம். ஜிம்முக்கு வாரத்தில் ரெண்டு நாள் போகிறேன், பாதி வெயிட். நாடி பார்க்காமல் போவதில்லை.

காலையில் லேத் ஓட்டுகிற சவுரிமுத்து அண்ணன் வந்து கேட்டார், "தம்பி, அந்த ஷாஃப்ட்டு உனக்கு வேணுமா? ஒரு ரோலருக்கு நீளம் சரியா கீது." எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வளையங்களைக் கழற்றி அடுக்கிவிட்டேன்.

மத்தியானம் பெல் அடித்தது. எல்லாரும் மரத்தடிக்குப் போனார்கள். ஷெட்டில் அட்டையை விரித்து, கையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். படுத்ததும் தூங்கிவிட்டேன். வேலைக்கு நேரமாச்சு என்று சவுரிமுத்து அண்ணன் வந்து எழுப்ப வேண்டியிருந்தது.

போன வருஷம் இந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்.