யானை காத்திருக்கும் நேரம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

அங்கே எல்லோரும் நலம்தானே? இங்கே நான் கோபத்தில் இருக்கிறேன்.

எங்கள் அரசு டிவியின் குழந்தைகள் நிகழ்ச்சியைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று பார்க்கும் கமிட்டியில், தனியார் சேனலின் விளம்பரத் துறை ஆள் என்று உன்னையும் போட்டபோது ஸ்டுடியோவில் பெருமையடித்துக்கொண்டேன். தங்கை என்று சலுகை காட்டிவிடக் கூடாதென்று கறாராக இருந்தாயாம். சரி. ஆனால் "அரை மணி நேரத்தில் பன்னிரண்டு இடங்களில் ஒலிக் கோளாறு, நிறுத்திவிடலாம்" என்று அறிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறாயே!

அது கோளாறு இல்லை, அண்ணா. பொம்மை யானை ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஆறு நொடி பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் இருக்கும் குழந்தை யோசித்துப் பதில் சொல்லட்டும் என்றுதான். ஸ்டாப்வாட்ச் வைத்து எடுக்கிறோம். உங்கள் சேனலில் ஆறு நொடி சும்மா விட்டால் வேலையே போய்விடும். இது மக்கள் வரிப்பணத்தில் ஓடுவது. யாருக்கும் எதையும் விற்க வேண்டாம், அதனால் ஒரு குழந்தைக்காகக் காத்திருக்க முடிகிறது.

இருபதாம் தேதி கடைசிக் கூட்டம். அதற்குள் ஒரு நாளாவது உட்கார்ந்து ஒழுங்காகப் பார்.

உன் வாயாடி

மார்ச் 13

வாயாடிக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. சின்னவளுக்குக் காய்ச்சல், நான்கு நாளாக நான்தான் வீட்டில். பள்ளியில் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் இரண்டு முறை எங்களைக் கூப்பிட்டு அனுப்பியது உனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை உன் நிகழ்ச்சியைப் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "மழை வந்தா எறும்பு எங்கே போகும்?" என்று யானை கேட்டது. சத்தம் நின்றது. பழக்கதோஷம், ரிமோட்டைத் தேடினேன். அதற்குள் இவள், "வீட்டுக்குத்தான். உள்ள போய்க் கதவைச் சாத்திக்கும்," என்றாள். யானை தலையாட்டியது. "நான் சொன்னத கேட்டுச்சுப்பா," என்று என்னைப் பார்த்தாள்.

அன்று முழுவதும் மனசே சரியில்லை. எங்கே வலிக்கிறது என்று டாக்டர் அவளைக் கேட்டால் நான் சொல்கிறேன். யாராவது பெயர் கேட்டால் அவள் அம்மா சொல்கிறாள். அவளுக்குப் பேச்சு வராமல் இல்லை, எங்களுக்குத்தான் பொறுமை இல்லை. வெட்கமாக இருக்கிறது.

கூட்டத்தில் என்ன ஆகுமோ தெரியாது. மற்ற ஐந்து பேரும் என் அறிக்கையைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் நிகழ்ச்சி உண்டு. அதற்கப்புறம் மறுபடியும் ஒரு கமிட்டி. பரவாயில்லை.

கூட்டக் குறிப்பைப் படித்தேன். "என் அறிக்கை தவறு, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாயாமே. நாற்பது வருஷத்தில் நீ ஒரு தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. கேமராமேன் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவளிடம் போனில் பேசினேன். "இன்னிக்கு என்ன பண்ணின?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. வழக்கம்போல பின்னாலிருந்து நீ சொல்லிக் கொடுப்பாய் என்று நினைத்தேன். உன் குரல் வரவேயில்லை. அப்புறம் அவளே, "அப்பாவோட பட்டம் செஞ்சேன், அத்தை. பறக்கல," என்றாள்.

அண்ணா, எனக்கு அழுகை வந்துவிட்டது.

உன்
தங்கை