அண்ணி மூடி வைத்த காற்று

அன்புள்ள அண்ணி,

இன்று காலை லெம்பா பெர்த்தாமிலிருந்து கீரைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் சந்தைக்கு வேனில் வந்துகொண்டிருந்தேன். மலை ஏற்றத்தில் ஒரு வளைவை ஒட்டிய தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் தொட்டி கட்டிய பங்ளாதேஷ்காரர்கள். மூக்கை மூட ஒரு துணிகூட இல்லை. கண்ணாடியை ஏற்றுவதற்குள் அந்த நாற்றம் வேனுக்குள் நிறைந்துவிட்டது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது, இன்னும் அந்த வாடை வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

"என்ன ஆன்ட்டி, தலை சுத்துதா? வண்டிய நிப்பாட்டவா?" என்று டிரைவர் கேட்டான். வேண்டாம் என்றேன். நீங்கள் இருந்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பீர்கள். இறங்கிப் போய் அவர்களைத் தமிழிலேயே திட்டியிருப்பீர்கள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அவர்கள் சட்டையைக் கழற்றியாவது மூக்கைக் கட்டியிருப்பார்கள்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது, அண்ணி.

கம்போங் ராஜாவிலிருந்து நீங்கள் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்தபோது நான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக ஆரம்பித்திருந்தேன். ஆஸ்பத்திரி என்று பெயர்தான். தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம், சில இரும்புக் கட்டில்கள், மருந்து அலமாரி. டாக்டர் வாரம் ஒருமுறை டவுனிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் நீங்கள்தான். குளிரில் உங்கள் கை விறைத்திருக்கும் என்பதால், யாரையும் தொடுவதற்கு முன் கெட்டிலின் மேல் இரண்டு கையையும் வைத்துச் சூடேற்றிக்கொள்வீர்கள். பிள்ளை பெற வந்தவள் வலியில் கத்திக்கொண்டிருந்தாலும் அதை மட்டும் விடமாட்டீர்கள். "சில்லுன்னு தொட்டா ஒடம்பு பயந்துக்கும்" என்பீர்கள்.

கொழுந்து லோரி ஓட்டிய என் அண்ணன், லோரிக் கதவில் கையை நசுக்கிக்கொண்டு உங்களிடம் தையல் போட வந்தார். அதன்பிறகு அவருக்கு அடிக்கடி ஏதாவது காயம் பட்டது. அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது. "சர்ச்சுக்குப் போற கம்போங் ராஜா வேதக்காரப் பொண்ணா என் வீட்ல வெளக்கேத்தப் போறா?" என்று கேட்டார். அண்ணன் சண்டை போடவில்லை. சாப்பிடாமல் லோரி ஓட்டினார். அம்மா இறங்கிவந்தார். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகும் உங்களை மருமகள் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. நர்ஸு என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் இரண்டு பேரும் சேர்ந்து பேசியது மிகக் குறைவு. தோட்டத் திடலில் பந்து விளையாடிவிட்டு அண்ணன் தொழிலாளர் வரிசையில் இருந்த தன் கூட்டாளி வேலுவின் லயன் வீட்டுக்குப் போனார். வேலு மருந்தடிக்கும் கும்பலில் வேலை செய்தவன். வீட்டுக்குப் பின்னாலிருந்த கீரைப் பாத்தியைச் சுற்றி முளைத்த புல்லுக்கு அடிக்கலாம் என்று கொஞ்சம் புல்லு மருந்தைச் சோடா போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்திருந்தான். தோட்டத்தில் பாதிப்பேர் அப்படித்தான் செய்தார்கள். கருப்பாக, கோலாவைப் போலவே இருக்கும். வேலு கால் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், தாகத்தோடு வந்த அண்ணன் அந்தப் போத்தலை எடுத்து வாயில் வைத்துவிட்டார். ஒரு வாய்தான். பாதியைத் துப்பியும்விட்டார்.

வேலு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான். நீங்கள் போத்தலை வாங்கி முகர்ந்து பார்த்தீர்கள். அந்த நேரத்தில் உங்கள் முகம் எப்படி ஆனது என்று வேலு பிறகு என்னிடம் சொன்னான். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாய் வெந்திருந்தது, வாந்தி எடுத்தார். பிறகு சில நாட்களில் தேறிவிட்டவர்போல எழுந்து உட்கார்ந்தார். கஞ்சி குடித்தார். புது மோட்டார் வாங்கவேண்டும் என்று பேசினார். அம்மா மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நீங்கள் மட்டும் சோற்றைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துணி காயும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள்.

"செல்வி, இது தேறுறது இல்ல. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமா கல்லாயிட்டு வரும். டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கும் தெரியும்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவரு கேக்கல. கேட்டா பொய் சொல்லமாட்டேன்."

அவர் கடைசிவரை கேட்கவில்லை.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றபோது, சொந்த இடத்தில் இருக்கட்டும் என்று மலைக்கே கொண்டுவந்தோம். உங்கள் ஆஸ்பத்திரியில், சன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்தீர்கள். அங்கேதான் மூச்சுத் திணறல் ஆரம்பித்தது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது. இருமல் முற்றிய கிழவர்களுக்கு நீங்கள் அதைத் திறந்துவிடுவதை அம்மா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்.

"காத்து குடு நர்ஸு. எம்புள்ள வாயத் தொறந்து தொறந்து மூடறான் பாரு. காத்து குடு!"

"இப்ப குடுக்கக் கூடாது அத்தை."

"ஊரான் வீட்டுக் கிழவனுக்கெல்லாம் குடுத்தல்ல? கட்டுன புருசனுக்கு இல்லியா?"

அம்மா உங்கள் காலில் விழுந்தார். நீங்கள் அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு மறுபடி அண்ணனின் முதுகைத் தடவப் போனீர்கள். என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: "இந்த வெசத்துக்குக் காத்துதான் தீனி. காத்து குடுத்தா நுரையீரல் இன்னும் சீக்கிரமா வெந்துரும்." அண்ணன் பேசமுடியாமல் சிலிண்டரைக் கண்ணால் காட்டினார். நீங்கள் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே வேண்டாம் என்று தலையை ஆட்டினீர்கள்.

பனி இறங்கிய ஒரு மத்தியானத்தில் நீங்கள் எழுந்துபோய் சிலிண்டரைத் திறந்தீர்கள். முகமூடியை அவர் மூக்கில் வைத்து உங்கள் கையாலேயே பிடித்துக்கொண்டீர்கள். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கொழுந்துக் கூடைகளை ஏற்றிய லோரி வெளியே கியர் மாற்றும் சத்தம் கேட்டு லேசாகச் சிரித்தார் என்றுகூட எனக்கு ஞாபகம். அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டார்.

"இத மொதல்லயே செஞ்சிருந்தா எம்புள்ள இருந்திருப்பான்" என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டார். தோட்டமே கேட்டது.

அம்மாவிடம் விளக்கிச் சொல்லுங்கள் என்று உங்களிடம் மன்றாடினேன். நான் சொல்கிறேன் என்றாலும் விடவில்லை. "வேணாம். அத்தைக்குக் கோவப்பட ஒரு ஆளு வேணும். சாமி மேல கோவம் வந்தா அப்புறம் யாரக் கும்புடுவாங்க? எம்மேல இருக்கட்டும்லா."

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் ஒரு கோணிப்பையை எடுத்துக்கொண்டு லயன் லயனாகப் போனீர்கள். ஒவ்வொரு அடுப்படியிலும் குனிந்து தேடினீர்கள். சோடா போத்தலில், எண்ணெய்ப் போத்தலில், ஒரு வீட்டில் பிள்ளையின் பால் போத்தலில் அந்த மருந்து இருந்தது. யாரும் உங்களைத் தடுக்கவில்லை. பையை இழுத்துக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போய் தோட்ட மேனேஜர் துரையின் மேசைமுன் வைத்தீர்கள். மருந்து ஸ்டோருக்குப் பூட்டுப் போடவேண்டும், ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது என்றீர்கள்.

"நர்ஸ், அது நான் பாக்கவேண்டிய வேலை" என்றார் துரை.

"செத்தது என் வீட்டு ஆளு துரை. அடுத்தது எந்த வீடுன்னு சொல்லிடுங்க. இப்பவே போயி அவங்ககிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

பூட்டு வந்தது. ஆனாலும் மருந்து லயனுக்கு வருவது அடியோடு நிற்கவில்லை. தெரியாமல் குடித்தவர்கள் போய், தெரிந்தே குடித்தவர்கள் வந்தார்கள். அவர்களில் சிலருடைய கையையும் நீங்கள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "ரெண்டுக்கும் மருந்துன்னே பேரு வச்சிருக்கோம் பாரு" என்று ஒருமுறை அலமாரியைப் பூட்டிக்கொண்டே சொன்னீர்கள்.

வேலு ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவான், உள்ளே வராமல் திரும்பிப்போவான். அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம். வலி எடுத்த அன்று யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். கேள்விப்பட்டு நீங்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். "வெளிய நிக்காத வேலு. வெந்நி வை" என்றுதான் அவனிடம் சொன்னீர்களாம். வீடு திரும்பியபோது அம்மா சோற்றுப்பானையை முற்றத்தில் கவிழ்த்திருந்தார். "எம்புள்ளயக் கொன்னவன் பொண்டாட்டிக்குப் பிரசவம் பாத்த கையால எனக்குச் சோறு வேணாம்." நீங்கள் சிதறிய சோற்றை அள்ளிக் கோழிக்குப் போட்டுவிட்டு வேறு உலை வைத்தீர்கள்.

உங்களுக்குப் பிள்ளை இல்லை. வயதும் இருந்தது. உங்கள் அப்பா இரண்டு முறை வந்து கூப்பிட்டார். டவுன் ஆஸ்பத்திரியிலும் வேலை கிடைத்திருக்கும். நீங்கள் போகவில்லை. எனக்குக் கல்யாணம் செய்துவைத்தீர்கள். என் பிள்ளைகள் உங்கள் கையில்தான் பிறந்தார்கள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்தபோது, புரட்டிப் போட்டு, துடைத்து, படுக்கைப்புண் வராமல் பவுடர் போட்டுப் பல வருஷம் பார்த்தீர்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா கோணிய வாயோடு சொல்வார்: "இவதான் எம்புள்ளைக்குக் காத்து குடுக்காதவ." வந்தவர்கள் நெளிவார்கள். நீங்கள் அவர்களுக்கு டீ கொண்டுவருவீர்கள்.

கடைசியில் அம்மாவுக்கு ஆள் தெரியாமல் போனது. ஒருநாள் மத்தியானம் நான் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தபோது, உங்களைத் தன் அக்காள் என்று நினைத்து உங்கள் கையைப் பற்றிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"நீயே கேளுக்கா. பக்கத்துலயே சிலிண்டரு. தொறக்கலயே அவ. தொறக்கலயே."

நீங்கள் அவர் கண்ணைத் துடைத்துவிட்டீர்கள்.

"ஆமாம்மா. அவ செஞ்சது தப்புதான். நான் கேக்கறேன் அவள."

"நல்லாக் கேளு."

"கேக்கறேன். நீ தூங்கு."

அம்மா தூங்கினார். நான் கிண்ணத்தை அடுப்படியிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்த வாரமே அம்மா போய்விட்டார். என்ன நடந்தது என்று தெரியாமலே போனார்.

பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடினார்கள். கட்டில்களை லோரியில் ஏற்றிப்போனார்கள். லயன்களில் நம் ஆட்கள் குறைந்து வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். வேலை ஓய்ந்த பிறகும் அவர்கள் உங்களைத் தேடி வந்தார்கள். எங்கே வலிக்கிறது என்று அவர்கள் பாஷையில் கேட்கமட்டும் கற்றுக்கொண்டீர்கள். பதில் புரியாது. தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து, நீங்களே டவுனுக்குப் பஸ் ஏற்றிவிட்டு வருவீர்கள்.

ஈரலில் கட்டி என்று தெரிந்ததும் தானா ராத்தாவில் என் வீட்டுக்கு வந்தீர்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதை எனக்கு நீங்கள்தான் விளக்கினீர்கள், வேறு யாருக்கோ வந்த நோயைச் சொல்வதுபோல. போவதற்குச் சில நாட்களுக்கு முன், மழை பெய்துகொண்டிருந்த ஒரு பகலில், உங்கள் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"செல்வி, அத்தை சொன்னது சரியோன்னு தோணுது."

"எது அண்ணி?"

"காத்து. மலைக்கு வந்த அன்னைக்கே தொறந்திருக்கலாம்."

"தீனின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பொழைக்க வழி இருக்கறவங்களுக்கு அந்தப் பேச்சு. அவருக்குத்தான் வழியே இல்லன்னு ஆயிடுச்சே. போற உசுரு கொஞ்சம் சொகமா போகட்டும்னு தொறந்து விட்டிருக்கணும். நர்ஸு அப்படித்தான் செய்யணும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினீர்கள். "நான் செய்யல. பொழைச்சுக்குவாருன்னு நெனச்சேன். இன்னும் ஒரு நாளு தாக்குப் பிடிச்சா போதும், எப்படியாச்சும் திரும்பிடும்னு நெனச்சேன். அதுக்காக அவரத் திணற விட்டுட்டேன் செல்வி."

சீப்பைக் கீழே வைத்துவிட்டு உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் அழவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு கொஞ்சம் வெந்நீர் கேட்டீர்கள்.

இத்தனை வருஷமும் நான் வேறுமாதிரி நினைத்திருந்தேன், அண்ணி. எங்கள் எல்லாருக்கும் ஆசை இருந்தது, உண்மை தெரிந்த உங்களுக்கு மட்டும் அது இல்லை என்று நினைத்திருந்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். அந்தக் கட்டிலின் ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் நீங்கள். அவன் பிழைத்துவிடுவான் என்று ஒருவர் காற்றைத் திறக்கச் சொல்லி அழுதார். பிழைத்துவிடுவார் என்றுதான் இன்னொருவர் அதைத் திறக்காமல் நின்றார். அதற்குப் பிறகு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் அத்தனை காலம் இருந்தீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஆசைதான் இருந்தது என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டிய நேரத்தில் எனக்கே அது தெரியாது.

இப்போது தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்கள்
செல்வி