ஆள் இருந்தால்தான் ஓடும் மெசின்

கண்ணான மகன் அஸ்கிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அவுஸ்திரேலியாக் குளிரில் உன்னையும் பிள்ளைகளையும் அல்லாஹ் நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். உன் சாச்சி நானும் சாச்சாவும் அவன் காவலில் இருக்கிறோம். போனில் கதைத்தால் சாச்சா காதில் விழும். அதனால்தான் இதை எழுதி, பக்கத்து வீட்டு றுஸ்தாவிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

நீ உழவு மெசினைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் சாச்சா, மாஷா அல்லாஹ், தானா ஓடுது மகன் என்கிறார். அது பொய். உனக்கு அனுப்பிய வீடியோ, வயல் காய்ந்து கிடந்தபோது எடுத்தது. காய்ந்த மண்ணில், மெசினைத் தானா ஓட்ட நீ அனுப்பிப் பூட்டிய பெட்டி நூல் பிடித்த மாதிரி ஓட்டியது. வாய்க்கால் தண்ணீர் வந்து சேறானதும் மெசின் சில்லு புதைகிறது, வழுக்குகிறது. மூலைக்கு மூலை உழாமல் விட்டுவிட்டு வருகிறது. நீ வேலை செய்யும் பண்ணையில் வரம்பே இல்லை என்றாயே. நமக்கோ நாலு ஏக்கருக்குள் பதினொரு வரம்பு.

இன்னொன்று, சீட்டில் ஆள் இல்லாவிட்டால் அது நின்றுவிடும். தானா ஓடுறதுக்கு ஆள் என்னத்துக்கு என்று கேட்டேன், அவசரத்துக்கு நிப்பாட்டத்தானாம். சீனி வருத்தத்தில் சாச்சாவின் வலது காலில் மூன்று விரல் எடுத்தது உனக்குத் தெரியும். பிறேக் எங்கே என்று அந்தக் காலுக்குத் தெரியாது. ஆகவே நான் ஏறினேன் மகன்! ஹபாயாவோடு, ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டு. றோட்டால் போன ஸஹீத், சாச்சிக்கு லைசன் எப்ப கிடைச்ச என்று கத்துகிறான், மானங்கெட்டவன்.

நோன்புக்கு முன்னம் சாச்சா வயலைச் சுற்றி நடந்து எல்லையைப் பெட்டிக்குக் காட்டியிருந்தார். பிறகு தண்ணீர் வந்ததும், எந்தப் போகமும் செய்வதுபோல வரம்பை வெட்டிப் புதிதாக அணைத்தோம். பக்கத்து வயல்காரர் சொறிக்கல்முனைக் கனகரெத்தினம் கேட்டதற்காக இரண்டு முழம் நம்ம பக்கம் தள்ளிக் கட்டினோம். பெட்டிக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அது பழைய எல்லைக்கே போய்ப் புது வரம்பை உடைத்தது. நான் சிவப்புப் பொத்தானைக் கண்டுபிடித்து அமத்துமுன் நம்ம தண்ணீரெல்லாம் அவர் வயலுக்குள். அவர் முதல்நாள் விதைத்த முளைநெல்லை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

அவர் ஏசவில்லை. தங்கச்சி, நான் கத்துறது உங்களுக்குக் கேட்டிச்சு, அதுக்குக் கேக்கல்லியே என்றார் மனுசன். நம்ம விதைநெல்லில் அவருக்குக் கொடுத்தோம். அன்றைக்கு முழுக்க சாச்சா சோறு தின்னவில்லை.

இன்னும் இரண்டு ஏக்கர் உழவில்லை. தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானை அப்துல் ஸமட், வெள்ளிக்குப் பிறகு நம்ம வாய்க்காலைப் பூட்டிவிடுவோம் என்கிறார். எல்லாரும் ஒரே கிழமையில் உழுவதால் கூலிக்கும் மெசின் இல்லை. கூலிக்கு உழும் நஸீரைக் கேட்டால் திங்கள்தான் வருவானாம். திங்கள் வந்து என்ன செய்ய?

பெட்டியைக் கழற்றிவிட்டு, வியாழன் விடியச் சுபஹு தொழுததும் சாச்சா தானே ஏறி ஓட்டப்போகிறாராம். கால் புண் இன்னும் மூடவில்லை. சேறு பட்டால் முழங்காலோடு போகும் என்று டொக்டர் என்னிடம்தான் சொன்னார். நான் சொன்னால், பொம்புளைக்கு எல்லாத்துக்கும் பயம் என்கிறார். மெசின் சாவியை அரிசி வாளிக்குள் ஒளித்துவிட்டேன். இரண்டு தரம் கேட்டார், தெரியாது என்றேன். தொழுகைக்குக் கைகால் கழுவிய வுழூவோடு இருந்து பொய் சொன்னேன், அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

மகன், நீ ஆசையோடு அனுப்பியது. அது சரிவரவில்லை என்று சொன்னால் உன் மனம் நோகும் என்றுதான் அவர் இந்தப் பாடு படுகிறார். நீதான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேணும். சாச்சா, பெட்டி நம்ம சேத்துக்குச் சரிவராது, ஒரு போகம் மிச்ச வயல் சும்மா கிடக்கட்டும் என்று உன் வாயால் சொல்லு. நான் எழுதியதைக் காட்டிவிடாதே. வியாழன் சுபஹுக்கு முன்னம் போன் எடு.

உன் கைகால்களுக்கு அல்லாஹ் சுகத்தையும் பலத்தையும் தரட்டும். மூன்றாம் தரம் அவர் சாவியைக் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல நாக்கு வராது மகன்.

துஆவோடு,
சாச்சி கமீலா