சாமிக்குத் தாளித்த எண்ணெய்

டிசம்பர் 8, திங்கள். காலையிலிருந்து மழை.

இதை எடுத்தது யாராக இருந்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், இந்தப் பக்கத்தோடு மூடிவிடுங்கள். யாருக்கும் காட்டாதீர்கள். அத்தைக்கு வேண்டவே வேண்டாம். வேதியியல் நோட்டின் பின்பக்கத்தை யாரும் திருப்ப மாட்டார்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். வெளியே தெரிந்தால் என் படிப்பு போச்சு.

இன்றைய இரவுச் சாப்பாடு: சாமிக்கு ரவை உப்புமா, தேங்காய்த் துவையல். எங்களுக்கு மதியச் சோறு, ரசம். ஆன நேரம் இருபத்தைந்து நிமிடம். அத்தையின் பாராட்டு: "பசை கிண்டி வச்சிருக்கா. செவுத்துல போஸ்டர் ஒட்டலாம்."

சாமி என்றால் மாமா. அம்மாவின் தம்பி. ஆட்டோ ஓட்டுகிறார். மாலை போட்டிருக்கிறார். மலைக்குப் போய் வரும்வரை மாமா என்று கூப்பிடக் கூடாது. மனதுக்குள் திட்டினாலும் சாமி என்றுதான் திட்ட வேண்டும். அம்மா திருப்பூரில், பனியன் கம்பெனியில். நான் பிளஸ் டூ முடிக்கும்வரை இங்கே, திருவரங்குளத்தில், இவர்கள் வீட்டில். பாய் உண்டு, தலையணை கிடையாது. தங்குவதற்கு ஈடாக ராத்திரி அடுப்பு என்னுடையது.

மாலை போட்ட வீட்டு விதிகள்:
பள்ளி விட்டு வந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டும். ஈரத்தலையோடுதான் சமையல். (மூன்று வாரமாக எனக்குச் சளி.)
சாமிக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி எண்ணெய். எல்லாம் மேல்தட்டில்.
வெங்காயம், பூண்டு இல்லை. பழையது ஆகாது. மாலையில் பண்ணியதைச் சூடாக்கியும் வைக்கக் கூடாது.
ஆறரைக்குச் சாமி பஜனைக்குப் போவார், எட்டுக்கு வருவார். வந்து உட்காரும்போது தட்டில் ஆவி பறக்க வேண்டும்.
மீன், கறி, முட்டை வீட்டுக்குள் வரவே கூடாது.

கடைசி விதி இன்றோடு சரி. அத்தைக்குப் பிறந்த ஊர் ஜெகதாப்பட்டினம். அவள் தங்கை பஸ்ஸில் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருக்கிறாள். நாலு பாலித்தீன் பை, அதற்கு மேல் சோப்புத்தூள் கவர். உள்ளே நெத்திலிக் கருவாடு.

"வீட்டுல கூடாதுன்னு சாமி சொன்னாங்களே அத்தை."

"வீட்டுலயா வறுக்கச் சொன்னேன்? கொல்லையில வறுடி. அங்கிட்டுக் கல்லக் கூட்டி அடுப்ப மூட்டு. மாலை போட்டது அவரு. எனக்கும் புள்ளைக்கும் நாக்கு செத்தா போச்சு?"

புள்ளை என்பது ரம்யா. நாலாம் வகுப்பு. வாயை ஊசி நூல் கொண்டு தைத்தாலும் பேசும். வறுத்ததில் அதற்கும் அத்தை இரண்டு கொடுத்து, "அப்பாகிட்டச் சொன்னே, நாக்க அறுத்துருவேன்" என்றாள். எனக்கு ஒன்றும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. வாசனைக்கு வாய் ஊறியது என்பது உண்மை.

டிசம்பர் 9, செவ்வாய். மழை, காற்று.

நாளை அரையாண்டுத் தேர்வு ஆரம்பம். ஒரு வரி படிக்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். எழுதி முடித்தால்தான் புத்தகத்தைத் தொட முடியும்.

சாமி பஜனைக்குப் போனார். கொல்லையில் கருவாடு வறுத்தேன். மீந்த எண்ணெயைக் கீழே ஊற்றப் போனேன்.

"ஏய், கொட்டிராதடி! எண்ணெய் என்ன ஒங்கப்பன் வீட்டுச் செக்குல ஆட்டுனதா? டம்ளர்ல எடுத்து வையி. நாளைக்கு ஆகும்."

டம்ளரில் எடுத்தேன். மழை வலுத்தது. டம்ளரை உள்ளே கொண்டுவந்து மேடையில் வைத்தேன். மறுபடி தலைக்குக் குளித்தேன். சாமிக்குப் புளி உப்புமா போடலாம் என்று திட்டம். அரிசி மாவைப் புளித்தண்ணீரில் கரைத்து, எண்ணெய் தாராளமாக விட்டு, கடுகு, உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கிளற வேண்டும். பதினைந்து நிமிட வேலை. செலவும் இல்லை. சாமியின் எண்ணெயை இன்னொரு டம்ளரில் அளந்து வைத்தேன். அதையும் அதே மேடையில் வைத்தேன்.

கரண்ட் போனது. வாசலில் ஆட்டோ சத்தம். மழையால் பஜனையைச் சீக்கிரம் முடித்துவிட்டார்களாம். அத்தை பதறி, "வந்துட்டாரு, வந்துட்டாரு, கெளறு" என்றாள். செல்போன் வெளிச்சம் ரம்யா கையில், கூடத்தில். கைக்கு அகப்பட்ட டம்ளரை எடுத்துச் சட்டியில் விட்டேன்.

கடுகு வெடித்ததும் வாசனை ஏறியது. புரிந்துவிட்டது.

சட்டியை இறக்கியிருக்கலாம். சட்டியைக் கழுவி மறுபடி தாளிக்க நேரமில்லை. சாமி தட்டை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் பெருங்காயத்தை எடுத்தேன். ஒரு சிட்டிகை போட வேண்டிய இடத்தில் ஒன்பது சிட்டிகை போட்டேன். இன்னும் நாலு மிளகாய். கரைசலை ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு கிளறினேன்.

சாமி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"என்னம்மா போட்ட இன்னைக்கு? மணமா இருக்கு. ஒங்கத்தைக்கும் சொல்லிக் குடு."

அத்தை மூக்கை உறிஞ்சினாள். என்னைப் பார்த்தாள். பெருங்காயம்தான் என்று நினைத்துவிட்டாள் போல. "காயத்த இப்புடியா கொட்டுவ? டப்பாவே காலி" என்று என் மண்டையில் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு.

பட்டது வலிக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் போய் நிற்கப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 10, புதன். வெயில், புழுக்கம்.

தமிழ்த் தேர்வு. கடிதம் எழுதும் கேள்வியை விட்டுவிட்டேன். பயம் உட்கார விடவில்லை.

இரவு: கோதுமை தோசை, தக்காளிச் சட்னி. கரைத்த மாவு ஊற வேண்டியதில்லை. இருபது நிமிடம்.

சாமி தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "நேத்து மாதிரி புளி உப்புமா இல்லையாம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அடுப்படிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்தினேன். (தாவணிதான். கிழிசல்.)

விரதம் கெட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். சாமி வாயில் கருவாட்டு எண்ணெயை விட்டவள் நான். வறுக்கச் சொன்னவள் அத்தை. கடவுள் யார் கணக்கில் வைப்பார்? அத்தைக்கு ஒன்றும் ஆகாது. அவள் இன்றும் வறுக்கச் சொன்னாள். வறுத்தேன். மீந்ததைச் சாக்கடையில் ஊற்றினேன். வெறுப்பாக இருக்கிறது. அவள் சாப்பிடும் சத்தம்கூட.

டிசம்பர் 11, வியாழன். மூட்டம்.

வந்துவிட்டது. நினைத்த மாதிரியே.

சாமிக்கு வெறுங்கால்தானே. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவை விட்டு இறங்கியவர், உடைந்த பாட்டில் மேல் கால் வைத்துவிட்டார். உள்ளங்காலில் ஐந்து தையல். நொண்டிக்கொண்டு வந்து படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"வெரதத்துல எங்கயோ குத்தம் நடந்திருக்கு. மூணு வருசமா மலைக்குப் போறேன், ஒரு முள்ளு குத்துனதில்ல. இந்த வீட்டுலதான் ஏதோ நடந்திருக்கு."

நான் தூணோடு ஒட்டி நின்றேன். அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி, தூரமாகி ஒளிச்சுட்டியா?"

மாலை போட்ட வீட்டில் மாதவிலக்கு நாட்களில் பெண்கள் இருக்கக் கூடாது. போன மாதம் நாலு நாள் பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியில் படுத்தேன். கொசு. இந்த மாதம் இன்னும் வரவில்லை. நாள் இருக்கிறது.

"இல்லங்கத்தை. சத்தியமா இல்ல."

"பரிச்ச நடக்குதுல்ல, மாடிப்படிக்கு அடியில படுக்க முடியாதுன்னு மறைச்சிருப்பா. மொகத்தப் பாருங்க சாமி. திருட்டு முழி."

திருட்டு முழிதான். திருட்டு வேறு.

சாமி என்னை நேராகப் பார்க்கவில்லை. கால் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்புடி நடந்திருந்தா இந்த வீட்டுல ஒனக்கு எடமில்ல. ஞாயித்துக்கெழம திருப்பூரு பஸ்ஸு ஏத்தி விட்டுர்றேன். அம்மாகூட இரு."

எங்கள் வகுப்பு சங்கீதா போன வருடம் இப்படித்தான் 'ஒரு மாதம்' என்று கம்பெனிக்குப் போனாள். அவள் பெயரை வருகைப் பதிவேட்டில் அடித்துவிட்டார்கள்.

இரவு: சேமியா. சாமி தொடவில்லை. வாழைப்பழம் மட்டும்.

டிசம்பர் 12, வெள்ளி. மழை இல்லை.

ஆங்கிலத் தேர்வு. எழுதினேன். எப்படி என்று கேட்காதே.

பள்ளி விட்டு வந்ததும் அத்தையைக் கொல்லைக்கு இழுத்துப்போய்ச் சொல்லிவிட்டேன். தூரமெல்லாம் இல்லை, எண்ணெய்தான், செவ்வாய்க்கிழமை, டம்ளர் மாறிவிட்டது என்று.

அவள் முகம் வெளிறிவிட்டது. முதலில் பொட்டலத்தைத் தூக்கிச் சாக்கடைக்குள் அமுக்கினாள். பிறகு என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"இங்க பாரு. தூரம்னே ஒத்துக்க."

"ஏன் அத்தை?"

"அது பொம்பளைக்கி வர்றதுதான. சாமிக்குக் கோவம் ஒரு வாரம் இருக்கும், எறங்கிரும். கருவாடுன்னா என்னைய வச்சு வாழ மாட்டாரு. நீ போயி ஒங்கம்மாகிட்ட இரு. சித்திரையில நானே கூப்புட்டுக்கிறேன்."

"பப்ளிக் பரீட்சை மார்ச்சுல."

"பரிச்சையாம் பரிச்ச. எண்ணெய்ய ஊத்துனது எந்தக் கை? இந்தக் கைதான? வாயத் தொறந்தே, நீயே வேணும்னு ஊத்துனேன்னு சொல்லுவேன். யாரை நம்புவாரு?"

கால் வலியால் சாமி பஜனைக்குப் போகவில்லை. ஏழு மணிக்குக் கூப்பிட்டார். படத்துக்கு முன்னால் சூடம் எரிந்தது. "சூடத்துல கை வச்சுச் சத்தியமெல்லாம் வேணாம். நின்னு சொன்னாப் போதும். தூரமானியா?"

அத்தை கதவருகே நின்று தலையை ஆட்டினாள். ஆமாம் என்று சொல்லச் சொல்லி.

சூடம் அணையும்வரை அதையே பார்த்தேன். அணைந்ததும் வாய் திறந்தேன். எல்லாம் சொன்னேன். பொட்டலம், கொல்லை அடுப்பு, இரண்டு டம்ளர், பெருங்காயம். நான்தான் ஊற்றினேன், தெரிந்த பிறகும் இறக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

"பொய்யி!" என்றாள் அத்தை. "சோறு போட்ட வீட்டுக்கு வேட்டு வைக்கிறா. வீட்டுக்குள்ள கருவாடா? வாயி அழுகிப்போகும்டி."

ரம்யா வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னது: "எனக்கு ரெண்டுதான் குடுத்துச்சு சாமி. அம்மாதான் நெறையாத் தின்னுச்சு."

சாமி எழுந்தார். யாரையும் அடிக்கவில்லை. தட்டை எறியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நொண்டிக்கொண்டே போய் ஆட்டோவை எடுத்தார். குருசாமி வீட்டுக்கு என்று நினைக்கிறேன். சாப்பிடவில்லை.

அவர் தெரு திரும்பியதும் அத்தை சொன்னவை, சொன்ன வரிசையில்: கூட இருந்தே குழி பறித்தவள். அப்பன் ஓடிப்போனதில் அதிசயம் இல்லை. நாளைக்குள் மூட்டை கட்டு. உன் கையால் ஒரு பிடி சோறு இனி இந்த வீட்டில் யாரும் தின்ன மாட்டார்கள்.

சாமான் அறைக்குள் வந்து தாழ் போட்டுக்கொண்டேன். மணி பத்து இருக்கும். துணிகளைப் பையில் வைத்தேன். புத்தகம் வைக்க இடம் போதவில்லை. துணியை எடுத்துவிட்டுப் புத்தகத்தை வைத்தேன். இயற்பியல் தேர்வு திங்கள். எங்கே இருந்து எழுதுவேன் என்று

வாசலில் ஆட்டோ. அவர்தான். அத்தை ஏதோ அழுகிறாள். அவர் பதில் சொல்லும் சத்தம் கேட்கவில்லை.

கதவு தட்டுகிறது. அத்தை தட்ட மாட்டாள், உதைப்பாள். இது மெதுவாக, இரண்டு தட்டு.

"கலை. தூங்கிட்டியாம்மா?"

பையைக் கதவுக்குப் பின்னால் தள்ளினேன்.

"வயிறு காந்துது. எந்திரிச்சு ஏதாச்சும் பண்ணிக் குடு."

அத்தை, கூடத்திலிருந்து: "நான் பண்ணித் தாரேங்க சாமி. அஞ்சு நிமிசம்."

"நீ அடுப்பத் தொடாத. அவ பண்ணட்டும்."

என்ன இருக்கிறது வீட்டில்? அரிசி மாவு இல்லை. ரவை ஒரு டம்ளர் இருக்கும். தலைக்குக் குளித்து, தண்ணீர் கொதிக்க வைத்து, பதினைந்து நிமிடம். மறுபடி தட்டுகிறா