மணக்குடிப் பொழியில் அறுபத்தொன்று

ஜனவரி 8, வியாழன்

மேகம். காற்று வடகிழக்கு, லேசாக. சுபுஹு தொழுதுவிட்டு நேராக மணக்குடி. ஸ்கூட்டர் பின்டயரில் காற்றுக் குறைவு, பார்க்க வேண்டும்.

பொழி இன்னும் திறந்தே கிடக்கிறது. ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. உப்பளப் பக்கம் ஊசிவால் வாத்து 140, எல்லாம் தூக்கம். நீலச்சிறகி முப்பதுக்கு மேல். பெரிய கொண்டை ஆலா 9. பழுப்புத்தலைக் கடற்காகம் (வழக்கம்போல் ப.க., முழுதாக எழுதினால் கை வலிக்கிறது) மணல்திட்டில் ஒன்றுகூட இல்லை.

டிசம்பர் முழுக்க அங்கேதான் கிடந்தன. தேடித் தேடி 7.20க்குக் கண்டேன். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல், தென்கிழக்கில், கடலுக்கு மேல் கூட்டமாகச் சுற்றல். வலை இழுக்கும் படகைச் சுற்றுவது போலவே தாழ்வதும் எழும்புவதும். ஸ்கோப் தொலைநோக்கியைத் திருப்பிப் படகைத் தேடினேன். படகு இல்லை.

ஐம்பது அறுபது இருக்கும். எண்ண முடியவில்லை. 7.40க்குக் கலைந்தன. ஸ்கோப்பை இரண்டு தடவை துடைத்தேன். கண்ணாடிக்கடைக்காரனுக்கே கண் கெட்டுவிட்டது என்றால் கோட்டாறு முழுக்கச் சிரிக்கும்.

வீட்டில் சபுரா: "ஒங்க காக்காமாரு எல்லாரும் சொகமா?" எங்களில் அண்ணனுக்குக் காக்கா. கடற்கரையில் இந்தப் பறவைக்குக் கடல்காக்கா. கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே பகடி. எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லாத குறையை இப்படித் தீர்த்து வைத்திருக்கிறாளாம்.

ஜனவரி 9, வெள்ளி

வெயில். அதே இடம், அதே 7.20.

பக்கத்தில் ராயப்பன் என்றொருவர், படகு நிழலில் உட்கார்ந்து வலைக் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். முகம் தெரியும், பெயர் இன்றுதான் தெரிந்தது.

"என்ன பாய், கொழல வச்சி எங்க பாக்குதீங்க?"

அவரையே பார்க்கச் சொன்னேன். ஒரு நிமிடம் கண் வைத்தார். அங்கே மீன் உண்டா என்று கேட்டேன்.

"மீனும் இல்ல, அடியில பாறையும் இல்ல. வெறும் மணலு. நாங்க அங்கோடி போறதில்ல. புது வருசம் பொறந்ததுல இருந்து இதுகள் இப்பிடித்தான்."

"ஏன் போறதில்ல?"

வலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கடல்காக்கா தீனியக் கண்டா கத்தும் பாய். இதுகள் கத்துதா, நல்லாப் பாருங்க."

பார்த்தேன். ஒரு அலகுகூடத் திறக்கவில்லை. ஒரு மீன் கிடைத்தால் ஊரைக் கூட்டுகிற ஜாதி இது. இவ்வளவு பறவை, இவ்வளவு அவசரம், ஒரு சத்தம் இல்லை. நேற்றே கவனித்திருக்க வேண்டும்.

ஜும்ஆத் தொழுகையில் பயான் உரை நீளம். மனம் அதில் நிற்கவில்லை.

ஜனவரி 10, சனி

டயர் பஞ்சர். சொன்னேன் அல்லவா. பொழிக்குப் போகவில்லை.

பதினோரு மணிக்குக் கடைக்கு ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். புஷ்பம், மணக்குடி, ராயப்பனுக்கு அக்கா. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வேண்டும், ஒரு தாளை வாசிக்க வேண்டுமாம். லென்ஸை மாற்றி மாற்றி வழக்கமான கேள்வி: இது தெளிவா, இது தெளிவா? +1.50இல் நின்றது. அந்தத் தாளையே வாசித்துப் பார்க்கச் சொன்னேன். வாசித்தாள்.

கணவர் சூசை. போன வருடம் இதே மாதம் கட்டுமரத்தில் தனியாகப் போனவர். ஆளும் வரவில்லை, மரமும் வரவில்லை. இறந்துவிட்டதாகப் பதிய மனைவியின் கையெழுத்துக் கேட்கிறது தாள்.

"ஒப்பு வையி, ஒப்பு வையின்னு எல்லாரும் சொல்லுதாவ. நான் எப்பிடி வைக்க பாய்? ஒருத்தரும் கண்ணால காணல்லியே. கண்ட ஆளு ஒண்ணு வந்து சொல்லட்டும், அந்த நிமிசம் வைக்கேன்."

நான் லென்ஸைத் துடைத்தேன். துடைத்த லென்ஸையே திரும்பவும்.

"செவப்பு சட்ட போட்டிருந்தாரு. கோயில் திருநாளுக்குக் கமிட்டில எல்லாருக்கும் எடுத்தது. 'அதக் கழத்தும், உப்புத்தண்ணி பட்டா சாயம் போயிரும்'னு சொன்னேன். 'வந்து கழத்துதேன்'னுட்டுப் போனாரு. மேக்க போறேன்னாரு. மூணு நாளும் மேக்கதான் தேடுனாவ."

'கழத்தும்' என்ற சொல்லில் மட்டும் அவள் குரல் வேறாக இருந்தது. என்னிடம் நீங்க, வாங்க. அவருக்கு நீரு, வாரும். ஒரு வருடமாக அந்த 'நீரு'வைச் சொல்ல ஆள் இல்லை.

கிளம்பும்போது கேட்டாள். "தம்பி சொன்னான், பாய் கொழலோட தெனமும் நிப்பாருன்னு. போன வருசமும் நின்னீங்களா?"

"எப்பவாவதுதான். ஞாபகமில்ல."

ஞாபகமில்லையாம். எட்டு வருடக் குறிப்பேடுகள் மேசை இழுப்பறையில், அவள் முழங்காலுக்கு நேரே கிடந்தன. கண்ணாடி புதன்கிழமை கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போன வருட நோட்டை எடுத்தேன். என் கையெழுத்துத்தான்:

"7.20. தெ.கி. தூரத்தில் ஒரு கட்டுமரம், ஒரு ஆள். மேலே ப.க. 61. ஆள் சிவப்புத் துணியைச் சுழற்றி விரட்டுகிறான். கலைந்துவிட்டன. மறுபடி எண்ண முடியவில்லை. மடையன்."

மடையனுக்கு அடியில் கோடு வேறு. அடுத்த வரி: "ஊசிவால் வாத்து 112." அதாவது ஸ்கோப்பை உப்பளத்துக்குத் திருப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் செய்தி பார்த்தேன். மேற்கே போனவர் என்று இருந்தது. நான் பார்த்தது கிழக்கே, அது வேறு ஆள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நன்றாகவே சொல்லிக்கொண்டேன், நம்பிவிட்டேன். அன்றைக்கே வாய் திறந்திருந்தால் கிழக்கே தேடியிருப்பார்கள்.

பயமாக இருக்கிறது. அவளை நினைத்து அல்ல, என்னை நினைத்து. கேவலம்.

ஜனவரி 11, ஞாயிறு

கடலுக்கு இன்று விடுமுறை என்று நானே அறிவித்துக்கொண்டு தேரூர் குளம். பனி. தாமரை இலைகளுக்கு நடுவே சீழ்க்கைச் சிறகி 80. நாமக்கோழி 200, சுமாராக. ஊசிவால் 25. ஒரு டீ. சூடான ஏத்தம்பழ பஜ்ஜி, ஒன்று போதும் என்று நினைத்து மூன்று. கொஞ்ச நேரம் மனிதனாக இருந்தேன்.

7.05க்குத் தலைக்கு மேல் ப.க. வடக்கிலிருந்து தெற்கே, நீள வரிசை. குளத்தைக் கண்டால் ஒரு சுற்றாவது சுற்றும். சுற்றவில்லை, கத்தவில்லை. இங்கிருந்து மணக்குடிக்குப் பறவைக்குப் பதினைந்து நிமிடம். கணக்கை நான் போடவில்லை, அதுவாகவே வந்தது. 7.20.

எண்ணாமல் இருந்திருக்கலாம். எனக்கு அது வராது. 61.

ஜனவரி 12, திங்கள்

பொழிக்குப் போனேன். எவ்வளவு நாள்தான் ஓடுவது.

இன்று அவை பறக்கவில்லை, தண்ணீரில் உட்கார்ந்தன. நெருக்கமாக, நீள்வட்டமாக, உள்ளே இடம் விட்டு. அந்த இடம் ஒரு கட்டுமரத்தின் நீளம். அலை வந்து அந்த இடத்துக்குள் தள்ளிய பறவைகள் பதறிப்போய் வெளியேறின. உள்ளே தண்ணீர் மட்டும்தான், சத்தியமாக. ஆனால் வெளியே அலை ஏறியபோது உள்ளே ஏறவில்லை. ஏதோ கனம் அழுத்திப் பிடித்திருப்பது போல.

நீரோட்டம் கிழக்கே. வட்டம் மட்டும் அதை எதிர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை நோக்கி வந்தது. 7.40க்குக் கலைந்தது. எப்போதும் பாதி வழியில்தான் கலைகிறது. கரையிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுவது போல.

இந்தக் கடைசி வரியை அடித்துவிட வேண்டும்.

அடிக்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

கடையில் ஆளில்லை. +1.50 கண்ணாடி தயாராகி வந்துவிட்டது. பெட்டியில் போட்டேன், எடுத்தேன், போட்டேன்.

வீட்டில் சபுரா சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முழுவதும் சொன்னேன். மடையன் வரை. கத்தியை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு நிறுத்தினாள்.

"பாத்தது தப்பா பாத்தது. அது மனுசனுக்கு வரும். ஒளிச்சு வச்சது நீங்களால்லா."

"சொன்னா என்னைய என்ன நெனப்பா?"

"நெனக்கட்டும். காக்காமாரு போய்ச் சொல்லுததுக்கு முந்தி நீங்க சொல்லிருங்க."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மீன் கையோடு என் முழங்காலில் ஒரு தட்டு. வேட்டியில் செதில்.

ஜனவரி 14, புதன்

புஷ்பம் வந்தாள். கண்ணாடியைப் போட்டுவிட்டு, தெளிவா என்று கேட்டேன். தெளிவு என்றாள். இழுப்பறையைத் திறந்து நோட்டைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன்.

புதுக் கண்ணாடியில் அவள் முதலில் வாசித்தது அதைத்தான். விரல் வைத்து, எழுத்து எழுத்தாக. மடையனில் விரல் நின்றது. கோட்டை ஒரு முறை தடவியது.

"மொகம் தெரிஞ்சுதா?"

"இல்ல."

"எவ்வளவு நேரம் வீசுனாரு?"

"தெரியாது புஷ்பம். நான் வாத்து எண்ணத் திரும்பிட்டேன்."

அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"நாளைக்குப் பொங்கல். வெள்ளிக்கிழம காலத்த அதே எடத்துல கொழல வச்சிட்டு நில்லுங்க. நான் தம்பி படகுல போய் நின்னு வீசுதேன். அவனுக்கும் அதே சட்டதான் எடுத்தாவ. அங்க இருந்து பாத்தா வெரட்டுத மாதிரி இருக்கா, ஆள விளிக்குத மாதிரி இருக்கான்னு நீங்க சொல்லணும். வெரட்டுததுன்னா ஒங்க மேல தப்பில்ல."

"விளிக்குததுன்னா?"

கண்ணாடியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஜனவரி 15, வியாழன்

கடை அடைப்பு. பக்கத்து வீட்டுப் பொங்கல் வந்தது, முந்திரி மட்டும் பொறுக்கித் தின்றேன். நாளை மழை பெய்தால் நல்லது. பெய்யாது, வானம் கழுவிவிட்டது போல் இருக்கிறது.

ஜனவரி 16, வெள்ளி

மழை இல்லை. 6.50க்குப் படகு இறங்கியது. ராயப்பன் எஞ்சினில், புஷ்பம் முன்னால், மடியில் துணிப்பை. போனைத் துண்டிக்காமல் வைத்திருக்கச் சொன்னாள். ராயப்பன் தள்ளும்போது என்னிடம் சொன்னது: "கண்ண எடுத்துராதீங்க பாய்."

7.15க்குப் போய்ச் சேர்ந்தார்கள். எஞ்சின் அணைந்தது. காதில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

7.20. வடக்கிலிருந்து என் தலைக்கு மேலாக வந்தன. இறக்கைக் காற்று முகத்தில் பட்டது, குரல் இல்லை. கடலில் இறங்கிச் சுற்ற ஆரம்பித்தன. ஸ்கோப்பை அவற்றின் மேல் வைத்தேன். நடுவே சிவப்பு. சுழன்றது.

முதல் வீச்சிலேயே தெரிந்துவிட்டது. விரட்டுகிறவன் பறவையைப் பார்த்து வீசுவான், கை மேலே போகும். இந்தக் கை கரையைப் பார்த்து வீசியது. என்னைப் பார்த்து. போன வருடமும் இப்படித்தான் வீசியது. இதை விரட்டுவதாக எப்படி எழுதினேன்?

போனில் சொன்னேன்: "விளிக்குததுதான் புஷ்பம். வெரட்டுதது இல்ல. என்னைய மன்னிச்சிரு. போதும், நிறுத்து."

அவள்:

"நான் இன்னும் சட்டைய எடுக்கல்லியே பாய். பைக்குள்ளதான் இருக்கு."

ஸ்கோப்பை மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினேன். படகு அங்கே இருந்தது. ராயப்பன் இருந்தார், புஷ்பம் இருந்தாள், மடியில் பை. திரும்ப வலப்பக்கம். சிவப்பு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

"எந்தப் பக்கம்?" யார் என்று அவள் கேட்கவில்லை, எது என்று கேட்கவில்லை.

"மேக்க."

பின்னால் ராயப்பன்: "அக்கா, வேண்டாம், கரைக்குப் போயிருவோம்." அவள்: "எஞ்சினப் போடுல."

மேக்க. இன்னும். நேரா. மெள்ள. கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. துடைத்தால் கண்ணை எடுக்க வேண்டும். படகு நெருங்கியதும் பறவைகள் விலகி வழி விட்டன. சிவப்பு தாழ்ந்தது. அப்போதுதான், இத்தனை நாளில் முதல் தடவையாக, அவ்வளவும் ஒன்றாகக் கத்தின. போனிலும் கேட்டது, கடலிலிருந்தும் கேட்டது.

அந்த இரைச்சலுக்குள் புஷ்பத்தின் குரல்:

"பாத்து. மெள்ள ஏறும்."

என்னிடம் அவள் நீங்க என்பாள். தம்பியை ஏலே என்பாள்.

படகு திரும்பியது. கரையில் இறங்கி மணலில் ஏறி வந்தாள், முழங்கால்வரை ஈரம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனா கேட்டாள். என் நோட்டை அடியில் வைத்து, பையிலிருந்த அந்தத் தாளில் ஒப்பு வைத்தாள். ராயப்பன் எஞ்சினைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார், முன்பலகைப் பக்கம் பார்க்காமல்.

இன்றைய எண்ணிக்கை:
ஊசிவால் வாத்து 131
பெரிய கொண்டை ஆலா 4
ப.க. 61, கத்திக்கொண்டே கரைவரை
படகில் போனவர் 2
வந்தவர்