டம்ளர் அலசும் வாளி

டிசம்பர் 4
காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டது. காலையிலேயே கடையில் நிற்க இடமில்லை. நாகலூரில் என் டீக்குத் தனிப் பெயர். காரணம் ஊற்றுத் தண்ணீர். பஞ்சாயத்துத் தொட்டித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் நாற்றம். டம்ளர் அலசக்கூட அதைத் தொடுவதில்லை.

டிசம்பர் 9
நாலு நாள் பெய்த மழை விட்டது. வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளை ஏற்காடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். காலராவாம்.

டிசம்பர் 10
சுகாதார ஆய்வாளர் ஜெயபிரகாஷ் கடையை மூடச் சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! "ஏனுங்க சார், கொதிக்கிற டீயில எந்தக் கிருமிங்க உசுரோட இருக்கும்?"
"டீயில இல்லீங்க மேனகா. டம்ளர் அலசற வாளியில."
அந்தத் தண்ணீரையும் ஊற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துப் போனார். பிடிக்கட்டும். என் பிள்ளைகள் சாப்பிடுவது இந்தக் கடையால்தான் — ஒரு வாளிக்குப் பயந்து விட்டுவிடுவேனா?

டிசம்பர் 11
யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போங்க எல்லாரும்.

டிசம்பர் 14
சோதனை முடிவு வந்துவிட்டது. வாளியிலும் கிருமி, ஊற்றிலும் கிருமி. ஒரே தண்ணீரில் எல்லா டம்ளரையும் முக்கி எடுத்து ஊருக்கே பங்கு வைத்திருக்கிறேன். அழுதேன்.
ஆனால் ஊற்றுக்கு எப்படி வந்தது? மேலே எஸ்டேட் ஷெட். வெளியூரிலிருந்து பழம் பறிக்க வந்து அங்கே தங்கியிருப்பவர்களுக்கு ஒரு கக்கூஸ் கிடையாது. மழை அத்தனையையும் அடித்துக்கொண்டு வந்து ஊற்றில் சேர்த்துவிட்டது.

டிசம்பர் 15
ஊர்க்கூட்டம். "வெளியூர்க்காரங்களத் தொரத்தோணுங்க. மேனகா கடையும் வேண்டாமுங்க" என்றார் பொன்னுவேல். எங்கள் காட்டுக்கு மேலே நிலம் வைத்திருப்பவர், தினமும் என்னிடம் டீ குடித்தவர்.
விடுவேனா? "இவங்க போனா அடுத்த வருசம் வேற ஆளு வருவாங்க. அவங்களும் காட்டுலதானுங்க ஒக்காருவாங்க? கக்கூஸ் கட்டச் சொல்லி எஸ்டேட்டக் கேக்க நொம்ப பயமுங்களா?"
கூட்டம் கலைந்தது. நானே முள் வெட்டிப்போட்டு ஊற்றுப் பாதையை அடைத்தேன்.

டிசம்பர் 17
கடையைத் திறக்க ஆய்வாளர் அனுமதித்துவிட்டார். தொட்டித் தண்ணீரில் டீ; டம்ளருக்குக் கொதிநீர். ஒரு ஆள் வரவில்லை. பாலைக் கீழே ஊற்றினேன். நாளைக்கும் போடுவேன்.

டிசம்பர் 18
கக்கூஸ் கட்டச் சொல்லிக் கேட்க எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். "மேனேஜர் இல்லீங்க" என்றார் கணக்கு எழுதும் ரைட்டர். "நாளைக்கும் வருவேனுங்க."

டிசம்பர் 19
போனேன். இல்லையாம்.

டிசம்பர் 20
வெள்ளையம்மாள் பிழைத்து வந்துவிட்டாள். நடக்கவே தெம்பில்லாதவள், என்னோடு எஸ்டேட் வரைக்கும் வந்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தால் பாதி ஊர். மேனேஜர் உள்ளேதான் இருந்தார்.

டிசம்பர் 27
ஷெட் அருகே கக்கூஸ் கட்டச் செங்கல் லோடு வந்தது. இறக்குகிறவர்களுக்கு டீ வாங்கப் பொன்னுவேல் தூக்குவாளியோடு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், முதல் டம்ளரைத் தானே எடுத்துக் குடித்தார். தூக்குவாளியை நிரப்பிக் கொடுத்தேன். பால்காரரிடம் நாளையிலிருந்து பழையபடி முழு அளவு பால் ஊற்றச் சொன்னேன்.